பழைய டீசல் பிக்கப் மேட்டில் திணறுகிறதா? குறைந்த செலவில் இழுவையை மீட்கும் வழிகளும் சட்டம் தடுக்கும் மாற்றங்களும்

காய்கறிச் சந்தை முதல் கட்டுமானப் பணியிடம் வரை, நாட்டின் சிறு சரக்குப் போக்குவரத்தில் பெரும்பங்கு வகிப்பவை டீசல் பிக்கப் வாகனங்கள். மஹிந்திரா பொலேரோ பிக்கப், டாடா 207, அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வாகனங்களில் பத்து ஆண்டுகளைக் கடந்தவையும் இன்றும் சாலைகளில் சுமை ஏற்றிச் செல்கின்றன. அவற்றில் பலவற்றை உரிமையாளரே ஓட்டுகிறார். அந்த ஒரு வாகனமே அவரது குடும்பத்தின் வருமானம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல வாகனம் மேட்டில் திணறுகிறது, கரும்புகை கக்குகிறது, டீசல் செலவும் கூடுகிறது. புதிய வாகனம் வாங்கினால் மாதத் தவணை சுமையாகும். இத்தகைய உரிமையாளர்களை நாடியே 'சிப் பொருத்தினால் பவர் கூடும்', 'சைலன்சரை மாற்றினால் இழுவை கூடும்' என்ற விளம்பரங்கள் வருகின்றன. இவற்றுள் எது பயன் தரும், எது இன்ஜினையே பழுதாக்கும், எது சட்டப்படி தண்டனைக்கு உரியது என்பதை அறிந்த பின்னரே பணம் செலவிட வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், பழைய டீசல் வாகனத்துக்குக் கிடைக்கும் மிக மலிவான கூடுதல் திறன், அது புதியதாக இருந்தபோது பெற்றிருந்து பின்னர் இழந்த திறனே ஆகும். அதை மீட்பதற்கு முன்பாகப் புதிய திறனை விலை கொடுத்து வாங்குவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும்.

டீசல் இன்ஜினின் திறன் எதைப் பொறுத்தது?

பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டர் உள்ளே செல்லும் காற்றைக் கட்டுப்படுத்துகிறது. டீசல் இன்ஜினில் அது உட்செலுத்தப்படும் எரிபொருளின் அளவையே கட்டுப்படுத்துகிறது. எனவே டீசலைக் கூட்டினால் திறன் கூடும் என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. அந்த டீசல் எரிவதற்குப் போதிய காற்று இருக்கும் வரை மட்டுமே அது உண்மை.

ஒரு லிட்டர் டீசல் முழுமையாக எரியக் குறைந்தபட்சம் சுமார் 12 கிலோ காற்று தேவை. கன அளவில் இது ஏறக்குறைய 10,000 லிட்டர் ஆகும். நடைமுறையில் டீசல் இன்ஜினுக்கு இதைவிடக் கணிசமாகக் கூடுதல் காற்று வேண்டும். ஏனெனில், தெளிக்கப்படும் ஒவ்வொரு துளி டீசலும் மிகக் குறுகிய நேரத்தில் தனக்கு வேண்டிய காற்றைக் கண்டடைந்து எரிய வேண்டும். காற்று குறைந்தால் எஞ்சிய எரிபொருள் கரும்புகையாகவும் வீண் வெப்பமாகவும் வெளியேறுகிறது.

ஆக, வாகனம் இழுக்கவில்லை என்றால் நான்கு கேள்விகளை இந்த வரிசையில் எழுப்ப வேண்டும். காற்று முழுமையாக உள்ளே செல்கிறதா? எரிபொருள் உரிய அளவிலும் உரிய நேரத்திலும் தெளிக்கப்படுகிறதா? சிலிண்டருக்குள் அழுத்தம் குறையாமல் உள்ளதா? உருவாகும் திறன் வழியில் வீணாகாமல் சக்கரத்தைச் சென்றடைகிறதா?

செலவுக்கு முன் அளவிடுங்கள்

பழுது பார்த்த பின்னர் வண்டி நன்றாக இழுப்பது போலத் தோன்றுவது இயல்பு. அந்தத் தோற்றத்தை நம்பாமல் எண்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்குச் செலவு ஏதும் இல்லை.

வழக்கமாகச் செல்லும் பாதையில் உள்ள ஒரு மேட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட எடைக்கு உட்பட்ட ஒரே அளவு சுமையுடன், ஒரே கியரில் இரு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே ஆகும் நேரத்தை உடன் வருபவர் குறிக்க வேண்டும். அடுத்து, டேங்கை நிரப்பி ஓட்டி மீண்டும் நிரப்பும் முறையில், தொடர்ந்து மூன்று முறை மைலேஜைக் கணக்கிட்டுச் சராசரி காண வேண்டும். ஒவ்வொரு வேலைக்குப் பின்னரும் இந்த இரண்டையும் மறுபடி அளந்தால், கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது அளவீடு உரிமையாளரின் கையிலேயே உள்ளது. அதுதான் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் எனப்படும் பி.யூ.சி. டீசல் வாகனங்களுக்கு ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்திப் புகையின் அடர்த்தி அளவிடப்படுகிறது. பி.எஸ்.-4 தரத்துக்கு முந்தைய வாகனங்களுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகளும், பி.எஸ்.-4 வாகனங்களுக்கு 50 அலகுகளும் உச்ச வரம்பு. பலர் தேர்ச்சி பெற்றதா என்று மட்டுமே பார்க்கின்றனர். அதில் உள்ள எண்ணைக் கவனிப்பதில்லை. சென்ற முறை 30 எனப் பதிவான வாகனம் இம்முறை 48 காட்டினால், வரம்புக்குள் இருந்தாலும் இன்ஜினில் ஏதோ சீர்கெட்டு வருகிறது என்று பொருள். உரிய முறையில் எடுக்கப்பட்ட அளவு, இன்ஜினின் நலத்தைக் காட்டும் மலிவான பரிசோதனை அறிக்கையாகும்.

புகையின் நிறமும் தகவல் தரும். கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம். இன்ஜின் சூடான பின்னரும் வெண்புகை தொடர்ந்தால், எரியாத டீசல் வெளியேறுவதாகவோ குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசிவதாகவோ இருக்கலாம்.

முதல் செலவு காற்றுக்கு

புழுதி நிறைந்த சாலைகளில் ஓடும் பிக்கப்பின் ஏர் ஃபில்டர், கையேடு குறிப்பிடும் தூரத்துக்கு முன்பே அடைபட்டுவிடும். புதிய காகித ஃபில்டரின் விலை பெரும்பாலான மாடல்களுக்குச் சில நூறு ரூபாய்தான். பழையதை அதிக அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. அதனால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் ஏற்பட்டு, புழுதி நேரடியாக உள்ளே சென்று பிஸ்டன் வளையங்களைத் தேய்க்கும். ஊதித்தான் ஆக வேண்டும் என்றால் குறைந்த அழுத்தத்தில், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊத வேண்டும்.

'பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர்' என்ற பெயரில் விற்கப்படும் பருத்தி வகை ஃபில்டர்கள் விலை மிகுந்தவை. தூய்மையான காகித ஃபில்டரே இன்ஜினுக்குத் தேவையான காற்றைத் தடையின்றி அனுப்பும் வகையில் வடிவமைக்கப்பட்டுள்ளது. எனவே சரக்கு வாகனத்தில் இந்த மாற்றத்தால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

டர்போ பொருத்தப்பட்ட வாகனங்களில் அடுத்துப் பார்க்க வேண்டியவை ரப்பர் குழாய்கள். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் அழுத்தமான காற்றைக் கொண்டு செல்லும் இக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வாடி வெடித்துவிடும். அவற்றைப் பிணைக்கும் கிளிப்புகளும் தளரும். சுமையுடன் ஏறும்போது புதிதாக விசில் போன்ற ஓசை கேட்பதும், குழாய் இணைப்பைச் சுற்றி எண்ணெய்ப் படலம் தெரிவதும் கசிவின் அறிகுறிகள். குழாயில் குறைந்த அழுத்தக் காற்றைச் செலுத்திச் சோப்பு நீர் தெளித்தால் கசியும் இடத்தில் குமிழ் எழும். 'டர்போ போய்விட்டது' என முடிவு செய்வதற்கு முன்பாக இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறுவது அவசியம். சில நூறு ரூபாய் குழாயால் தீரும் குறைக்கு முழு டர்போவின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

எரிபொருள் அமைப்பு

டீசல் ஃபில்டரும் அதனுடன் உள்ள நீர் பிரிப்பானும் அடுத்த இடம் பெறுகின்றன. ஃபில்டர் அடைபட்டால் சுமையற்ற வாகனம் இயல்பாக ஓடும். சுமையுடன் மேடு ஏறும்போதுதான் எரிபொருள் போதாமல் வேகம் விழும். புகையே இல்லாமல் வண்டி சோர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே. நீர் பிரிப்பானின் அடியில் உள்ள திருகைத் திறந்து நீரை வடிப்பது ஓட்டுநரே செய்யக்கூடிய பணி.

இன்ஜெக்டர்களைப் பொறுத்தவரை வாகனத்தின் வகை முக்கியம். பழைய மெக்கானிக்கல் பம்ப் வாகனங்களில் நாசில்களைச் சோதனைக் கருவியில் பொருத்தி, அவை திறக்கும் அழுத்தத்தையும் தெளிக்கும் விதத்தையும் கண்ணாலேயே பார்க்கலாம். தேய்ந்த நாசில்களை மாற்றுவதும் பம்பைச் சோதனை மேடையில் உரிய அளவுக்குச் சரிசெய்வதும் அனுபவமுள்ள டீசல் பம்ப் பணிமனைகளில் நடைபெறுகின்றன.

காமன் ரெயில் வாகனங்களில் 'ரிட்டர்ன் லீக்' என்ற எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடிக்கும்போது, எந்தக் குப்பி மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்துள்ளது எனலாம். நான்கையும் மாற்றச் சொல்வதற்கு முன்பு இந்தச் சோதனையின் முடிவை உரிமையாளர் நேரில் பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் இங்கு தேவை. காமன் ரெயில் குழாய்களில் அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். ஓடும் இன்ஜினில் அந்த இணைப்புகளைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். ஆகவே இது பயிற்சி பெற்ற மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டிய பணி.

விற்பனை நிலையங்களில் கிடைக்கும் டீசலின் தரம் குறித்தும் ஐயங்கள் உள்ளன. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-6 தர எரிபொருள் விற்கப்படுகிறது. பி.எஸ்.-3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகத்தின் அளவு இப்போது 10 பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. கந்தகம் குறைந்தால் பம்புக்கு வழவழப்பு குறையும் என்பதால், அந்த வழவழப்புக்கும் தனி வரையறை விதிக்கப்பட்டுள்ளது. எனவே பழைய வாகனத்துக்கெனத் தனியாக எண்ணெய் கலக்க வேண்டிய தேவை இல்லை. மண்ணெண்ணெய் கலப்பது பம்பையும் இன்ஜெக்டரையும் தேய்க்கும்.

இங்கே ஒரு நிறுத்தம்

காற்றும் எரிபொருளும் சரியாக இருந்தும் இழுவை திரும்பவில்லை என்றால், மேலும் உதிரிபாகங்கள் வாங்குவதை நிறுத்திவிட்டு இன்ஜினின் உள்நிலையைச் சோதிக்க வேண்டும். முதலில் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்கலாம். இது குறைந்த கூலியில் முடியும் பணி. அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதே இதில் முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் வால்வோ பிஸ்டன் வளையமோ கெட்டிருக்கலாம்.

அழுத்தம் இழந்த இன்ஜினில் சிப், டர்போ, சைலன்சர் எனப் பொருத்தப்படும் எதுவும் வீணே. அந்தப் பணத்தை இன்ஜின் பழுதுபார்ப்புக்குச் சேர்த்து வைப்பதே அறிவுடைமை.

குளிர்விக்கும் அமைப்பில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் பல பணிமனைகளில் உண்டு. வெப்பம் ஏறாமல் இருக்க இது உதவும் என்பது நம்பிக்கை. உண்மையில், தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் உரிய வெப்பநிலையை அடைய வெகுநேரம் ஆகிறது. அதுவரை டீசல் முழுமையாக எரிவதில்லை, தேய்மானமும் கூடுகிறது. வெப்பம் ஏறினால் அடைபட்ட ரேடியேட்டரையும் ஃபேனையும் பெல்ட்டையும் சரிசெய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வாகாது.

சக்கரத்தில் வீணாகும் திறன்

இன்ஜின் உருவாக்கும் திறன் முழுவதும் சாலையைச் சென்றடைவதில்லை. பிரேக் முழுமையாக விடுபடாமல் உரசுவது, வீல் பேரிங் இறுக்கம், டயரில் காற்றுக் குறைவு, வீல் அலைன்மென்ட் கோளாறு ஆகிய ஒவ்வொன்றும் சிறிது சிறிதாகத் திறனை உறிஞ்சும். சமதளச் சாலையில் அதிகம் பிரேக் பிடிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டிய பின், நான்கு சக்கரங்களின் மையப் பகுதிக்கு அருகில் கையைக் கொண்டு சென்றால் வெப்பம் தெரியும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக்கோ பேரிங்கோ உரசுகிறது. சூடான உலோகத்தை நேரடியாகத் தொடக் கூடாது.

கிளட்ச் நழுவுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயரவில்லை என்றால், கிளட்ச் தகடு தேய்ந்துள்ளது என்று பொருள். அந்நிலையில் இன்ஜின் திறனைக் கூட்டுவது கிளட்சை மேலும் விரைவாக எரித்துவிடும்.

பெரிய டயர் பொருத்தினால் வண்டி கம்பீரமாகத் தெரியும், வேகமும் கிடைக்கும் என்று கருதப்படுகிறது. ஆனால் டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரிலும் சாலையில் கிடைக்கும் இழுவிசை ஏறக்குறைய 5 சதவீதம் குறையும். வேகமானியும் உண்மையைவிடக் குறைவான வேகத்தையே காட்டும். சரக்கு ஏற்றும் வாகனத்துக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவும் சுமைத் திறனும் கொண்ட டயரே சரியானது.

எடையைக் குறைப்பதே மலிவான மேம்பாடு

மேட்டில் ஏறத் தேவைப்படும் இழுவிசை, வாகனத்தின் மொத்த எடைக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் இருக்கும். சுமையுடன் சேர்த்து 3,000 கிலோ எடையுள்ள ஒரு பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். கனமான இரும்புத் தகடுகள், கூடுதல் கம்பிகள், முன்புறப் பாதுகாப்புக் கம்பி, பயன்படாத கருவிகள் எனத் தேவையற்ற 150 கிலோவை நீக்கினால் எடை 5 சதவீதம் குறையும். 63 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினில் 3 குதிரைத்திறனுக்கு மேல் கூட்டியதற்கு இது சமம். இதற்காக இன்ஜினில் கை வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். அனுமதிக்கப்பட்டதைவிட 500 கிலோ கூடுதலாக ஏற்றினால், மேட்டில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் இழுவிசை தேவைப்படும். பல உரிமையாளர்கள் பவர் போதவில்லை எனக் கருதுவது உண்மையில் அதிகச் சுமையின் விளைவே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

முன்புறப் பாதுகாப்புக் கம்பிகள் எடையைக் கூட்டுவதோடு, விபத்தில் பாதசாரிகளுக்கு ஏற்படும் காயத்தையும் கடுமையாக்குகின்றன. இவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களை அறிவுறுத்தியது.

சிப் பொருத்துவது பயன் தருமா?

சந்தையில் சிப் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. முதல் வகை, சென்சாரின் கம்பியில் இணைக்கப்படும் சிறு மின்தடை. இரண்டாம் வகை, எரிபொருள் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாக இருப்பதாக இன்ஜின் கணினியை ஏமாற்றி, அழுத்தத்தை உயர்த்தச் செய்யும் பெட்டி. மூன்றாவது, கணினியில் உள்ள மென்பொருளையே மாற்றி எழுதுவது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வாகனங்களில், பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டுவது இதற்கு இணையான செயல்.

இவற்றால் திறன் கூடுவது உண்மையே. ஆனால் இவை பெரும்பாலும் எரிபொருளைக் கூட்டியே திறனைக் கூட்டுகின்றன. அதற்கு ஈடான காற்று கூடாவிட்டால் கரும்புகை பெருகுவதோடு, வெளியேறும் வாயுவின் வெப்பமும் உயரும். காரில் ஒருவர் முழு ஆக்சிலரேட்டரைச் சில விநாடிகளே அழுத்துவார். சுமை ஏற்றிய பிக்கப் மலைப்பாதையில் 20 நிமிடம் தொடர்ந்து முழுத் திறனில் இயங்கும். அந்த நேரம் முழுவதும் வெப்பம் குவிந்துகொண்டே இருக்கும். பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் சுமார் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்னரே அதன் உறுதி குறையத் தொடங்கும். டர்போவும் சிலிண்டர் ஹெட்டும் அதே வெப்பத்தைத் தாங்க வேண்டியவை.

கிளட்ச், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஆகியவை தொழிற்சாலை நிர்ணயித்த முறுக்கு விசைக்கு ஏற்பவே உருவாக்கப்பட்டவை. பத்து ஆண்டுத் தேய்மானத்துக்குப் பின் அவற்றின் மீது கூடுதல் விசையைச் செலுத்தினால், மிச்சப்படுத்த நினைத்த தொகையைப் போலப் பல மடங்கு பழுதுக்குச் செலவாகும். மாற்றத்தைத் தெரிவிக்காத நிலையில் விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் வாய்ப்புண்டு.

இ.ஜி.ஆர். வால்வும் சைலன்சரும்

வெளியேறும் வாயுவின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பி, நைட்ரஜன் ஆக்சைடு மாசைக் குறைப்பதே இ.ஜி.ஆர். வால்வின் பணி. ஆண்டுகள் செல்லும்போது இதில் கரி படிந்து, வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். அப்போது தூய காற்று குறைந்து இழுவை விழும். இதற்கு மலிவான தீர்வு, வால்வையும் காற்றுக் குழாயையும் கழற்றிக் கரியை நீக்குவது. தகடு வைத்து அடைத்துவிடுவது மாசுக் கட்டுப்பாட்டுச் சாதனத்தைச் செயலிழக்கச் செய்வதாகும்.

சைலன்சரையோ கேட்டலிடிக் கன்வெர்ட்டரையோ அகற்றுவதும் அத்தகையதே. அடைபட்டிருந்தால் அதே வகைப் புதிய பாகத்தைப் பொருத்தலாம். நல்ல நிலையில் உள்ளதை அகற்றுவதால் ஓசை கூடும் அளவுக்கு இழுவை கூடுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. பழுதடைந்த இன்ஜினுக்குப் பதிலாக வேறு இன்ஜின் பொருத்துவதானாலும், அங்கீகரிக்கப்பட்ட சி.என்.ஜி. கருவி பொருத்துவதானாலும், பதிவு அலுவலகத்தை அணுகி ஆர்.சி.யில் பதிவு செய்ய வேண்டும்.

2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. புகை, ஓசை வரம்புகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவின் கீழ் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாத உரிமத் தகுதியிழப்பு ஆகியவை விதிக்கப்படலாம்.

சரக்கு வாகனங்களுக்கு எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆகவே பழைய பிக்கப்பில் செய்யப்படும் எந்த மாற்றமும் ஓராண்டுக்குள் அதிகாரியின் பார்வைக்கு வந்தே தீரும். எஃப்.சி. மறுக்கப்பட்டு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பு. டெல்லி தலைநகர் மண்டலத்தில் பழைய டீசல் வாகனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. நீதிமன்ற உத்தரவுகளுக்கேற்ப அவை மாறி வருவதால், அங்கு வாகனம் ஓட்டுவோர் நடப்பு விதியை அறிந்த பின்னரே பழைய வாகனத்தில் பெருந்தொகை செலவிட வேண்டும்.

வடிகட்டி, குழாய், இன்ஜெக்டர், கிளட்ச் போன்றவற்றை அதே வகைப் பாகங்களால் புதுப்பிப்பது இந்தத் தடைகளுக்குள் வராது. அது பராமரிப்பாகவே கருதப்படும்.

மலைப்பாதைகளில் கவனிக்க வேண்டியவை

இமாச்சலப் பிரதேசத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரை ஆப்பிள் பருவம். தோட்டங்களிலிருந்து ஆப்பிள் பெட்டிகள் கீழே இறங்குகின்றன. சமவெளியிலிருந்து மளிகையும் சிமெண்டும் மேலே ஏறுகின்றன. சுமார் 650 மீட்டர் உயரத்தில் உள்ள கால்காவிலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லாவுக்கு ஏறும் வாகனம், காற்றின் அடர்த்தி குறைந்துகொண்டே செல்வதை எதிர்கொள்கிறது. கடல் மட்டத்துடன் ஒப்பிட்டால் சிம்லாவில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

டர்போ இல்லாத இன்ஜினில் இந்தக் குறைவு நேரடியாக இழுவையைப் பாதிக்கும், கரும்புகையும் வரும். டர்போ இருந்தால் ஓரளவு ஈடுசெய்யும். ஆகவே உயரத்தில் மட்டும் தோன்றி, இறங்கியதும் மறையும் புகையை உடனே பழுது எனக் கொள்ள வேண்டியதில்லை. அதற்காக டீசலைக் கூட்டினால் நிலை மேலும் மோசமாகும். கியரைக் குறைத்து, வேகத்தைத் தணித்து ஏறுவதே வழி. நீண்ட ஏற்றத்துக்குப் பின் இன்ஜினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டால், டர்போவின் சூடான தண்டில் ஆயில் கருகுவது தவிர்க்கப்படும்.

ஏறுவதைவிட இறங்குவதே உயிருக்கு ஆபத்தானது. முழுச் சுமையுடன் இறங்கும் வாகனத்தைத் தாங்குவது பிரேக் மட்டுமே அன்று. தாழ்ந்த கியரில் இன்ஜின் தரும் தடையும் சேர்ந்தே தாங்குகிறது. ஆகவே இழுவைக்காக ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தரமான பிரேக் லைனிங், பிரேக் ஆயில், டயர் ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்க வேண்டும்.

எந்த வரிசையில் செலவிடுவது?

1. எண்களைக் குறித்தல்: மேட்டில் ஆகும் நேரம், மைலேஜ், பி.யூ.சி. புகை அளவு. செலவு இல்லை.

2. தேவையற்ற எடையை நீக்குதல், டயர் காற்று, நீர் பிரிப்பான் வடித்தல், சக்கர வெப்பச் சோதனை. செலவு இல்லை அல்லது மிகக் குறைவு.

3. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கையேடு கூறும் தரத்தில் இன்ஜின் ஆயில், வெடித்த ரப்பர் குழாய்கள்.

4. டேப்பட் சரிசெய்தல், இ.ஜி.ஆர். கரி நீக்கம், வீல் அலைன்மென்ட், பிரேக் பணி.

5. இன்ஜெக்டர் சோதனையும் கம்ப்ரஷன் சோதனையும். இவற்றின் முடிவுக்குப் பின்னரே பெரிய செலவு பற்றி முடிவெடுக்க வேண்டும்.

6. சோதனை சுட்டிக்காட்டினால் மட்டும் நாசில், இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் ஆகியவற்றைப் புதுப்பித்தல்.

ஒவ்வொரு படிக்குப் பின்னரும் அதே மேட்டில் நேரத்தை அளந்து பார்க்க வேண்டும். மூன்றாம், நான்காம் படிகளிலேயே குறை தீர்ந்துவிட்டால் அதற்கு மேல் செலவு தேவையில்லை. ஐந்தாம் படியில் சிலிண்டர் அழுத்தம் குறைந்திருப்பது தெரியவந்தால், இன்ஜின் பழுதுபார்ப்புக்கு ஆகும் தொகையையும், வாகனத்தின் தற்போதைய விற்பனை விலையையும், எஃப்.சி.யின் எஞ்சிய காலத்தையும் ஒரே தாளில் எழுதி ஒப்பிட வேண்டும். பழுதுபார்ப்புத் தொகை வாகனத்தின் விலையை நெருங்கினால், அந்த வாகனத்தில் மேலும் பணம் போடாமல் மாற்று வாகனத்துக்கான முன்பணமாக அதை வைத்துக்கொள்வதே உரிமையாளருக்கு இலாபம்.